விட்டுப்போன இரண்டு வரிகள்

கம்ப்யூட்டரைத் தொடாமலே கம்ப்யூட்டர் மொழி படித்தவள் நான். எண்பதுகளின் கடைசி அது. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஏழு வருடமாகத் தற்காலிகமாகக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் துறை வரப்போகிறது, அதில் ஒரே ஒரு நிரந்தர இடம் என்றார்கள். அதற்கான பயிற்சிக்கு அனுப்பிய இருவரில் ஒருத்தி நான். மற்றவள் இயற்பியல் துறையில் இரண்டு வருடமாக இருந்தவள். அவளும் தற்காலிகம்தான், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். பயிற்சி முடிந்ததும் தேர்வு. யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவருக்கே இடம்.

சனிக்கிழமை மதியங்களில் வகுப்பு. மொழியின் பெயர் சி பிளஸ் பிளஸ். அறையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்த மொழி இருக்கும் ஃபிளாப்பி மெட்ராஸிலிருந்து வந்தபாடில்லை. வந்தது ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் மட்டுமே. பயிற்சி கொடுக்க வந்த சார் அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம்.

“கிளாஸ்ங்கறது ஒரு வகை. ஆப்ஜெக்ட்ங்கறது அந்த வகையில ஒண்ணு” என்றார் சார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. கணக்கில் ஒரு சூத்திரத்தை எழுதினால் வேலை முடிந்தது. இங்கே எழுதிய பிறகு எதையோ உருவாக்க வேண்டுமாம். எங்கே, எதை வைத்து? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ‘புரியல மிஸ்’ என்று எழுந்து நிற்கும் பெண்களை நான் சும்மா விட்டவளில்லை. அதனால் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

முதல் எடுத்துக்காட்டே என்னைக் கவிழ்த்தது. ‘மாணவி’ என்று ஒரு கிளாஸ். அதில் பெயர், வரிசை எண், இரண்டையும் திரையில் காட்ட ஒரு கட்டளை. அதற்குக் கீழே மெயின் என்று ஒரு பகுதி. புரோகிராம் ஓடத் தொடங்குவது அங்கேதான். எங்கள் ஜெராக்ஸில் மெயினுக்குள் ஒன்றுமே இல்லை. அடைப்புக்குறி திறந்ததும் பக்கம் முடிந்தது, அடுத்த பக்கத்தின் தலையில் அடைப்புக்குறி மூடியது. ஆனால் அதற்குக் கீழே விடை என்று ஒரு பெயரும் எண்ணும் அச்சாகியிருந்தன. அவை எங்கிருந்து முளைத்தன என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் துணிந்து கேட்டும்விட்டேன்.

“கிளாஸ் எழுதிட்டோம்லம்மா, அது உள்ளுக்குள்ள தானா ஓடிக்கும்” என்றார் சார். அதன்பின் நான் அந்த எடுத்துக்காட்டை மனப்பாடமே செய்துவிட்டேன்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வண்டியூரில் என்னோடு பயிற்சிக்கு வந்தவளின் வீட்டுக்குப் போனேன். வீட்டில் விருந்தாளிகள். இருவரும் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்து படித்தோம். தண்ணீர் இல்லாத குளத்துக்குள் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

“அக்கா, ஜெராக்ஸ் எடுத்தவன் பக்கத்தோட அடியை வெட்டிட்டான். ரெண்டு வரி விட்டுப்போச்சு” என்றாள்.

“சார் அப்படிச் சொல்லலையே.”

“சார் கையில இருக்கதும் இதே ஜெராக்ஸ்தானே. இங்க பாருங்க, கிளாஸ்ங்கறது அட்மிஷன் பாரம். பாரத்தை அச்சடிச்சு வச்சா மட்டும் காலேஜுக்கு ஆள் வந்துருமா? ஒருத்தி பேரை எழுதிக் குடுக்கணும்ல. எழுதிக் குடுத்த பாரம்தான் ஆப்ஜெக்ட். பேரு, நம்பரோட ஒரு மாணவியை உண்டாக்க ஒரு வரி. அதைக் காட்டுன்னு சொல்ல ஒரு வரி. அம்புட்டுத்தான்.”

புரிந்துவிட்டது என்றுதான் எழுந்தேன். வீடு திரும்பி, செல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மறுபடியும் புரியாமல் போனது.

தேர்வும் தாளில்தான். மாணவி புரோகிராமை முழுமையாக எழுதுக என்று ஒரு கேள்வி. மெயினுக்கு அடைப்புக்குறியைத் திறந்ததும் பேனா நின்றது. அவள் சொன்ன இரண்டு வரிகளும் நினைவில் இருந்தன. அவள் சொன்னது சரி என்றது பாதி மனம். சார் ஜெராக்ஸைப் பார்த்துத்தான் திருத்துவார் என்றது மீதி மனம். ஏழு வருடம் தற்காலிகமாக இருந்தவளுக்கு எந்தப் பாதி பெரிதாகத் தெரியும்? மனப்பாடம் செய்யும் பெண்களைக் கிளிப்பிள்ளைகள் என்று திட்டிய நான், ஒன்றும் எழுதாமல் அடைப்புக்குறியை மூடினேன்.

அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். இல்லாததைச் சேர்த்து எழுதியதாக அவளுக்குப் பாதியை வெட்டியிருந்தார்கள். அந்த வித்தியாசத்தில் நான் முந்தினேன்.

பணி உத்தரவு கையெழுத்தாகும் முன்பே ஃபிளாப்பி வந்து சேர்ந்தது. யாரும் இல்லாத நேரத்தில் நான் எழுதியதை அப்படியே தட்டி ஓட்டினேன். திரை காலியாக இருந்தது. அவளுடைய இரண்டு வரிகளைச் சேர்த்து ஓட்டினேன். பெயரும் எண்ணும் வந்து நின்றன. பிரின்சிபால் அறை வாசல்வரை போனேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பினேன். மறு வாரம் உத்தரவு வந்தது.

அந்த வருட முடிவில் அவளைக் கல்லூரியில் நீட்டிக்கவில்லை. கடைசி நாள், மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன். “நீ எழுதுனதுதான் சரி. அன்னைக்கே பிரின்சிபால்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“நான் சொன்னா பொறாமையில சொல்றேம்பாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா.”