கிரீடத்தில் இருந்த பச்சைத் தையல்

அப்போது செம்மேட்டில் அட்டைக் கிரீடமும் பாசிமணி ஒட்டிய பரிசுப் பெட்டிகளும் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். இரண்டாயிரமாவது வருஷம் இருக்கும். ஜரிகைக்காகப் பேளுக்குறிச்சிச் சந்தையில் பழைய பட்டுச்சேலை வாங்கி, கரையை வெட்டிக்கொள்வேன். யார் உடுத்தியதென்று நினைத்ததே கிடையாது.

வாசலூர்பட்டியில் தாயில்லாத பெண்ணுக்குப் பூப்புச் சடங்கு. கிரீடத்தை நானே கொண்டுபோனேன். அவளுடைய அப்பா அதை வாங்கிப் பார்த்தார். ஜரிகை நடுவே பச்சை நூலில் ஒரு பழைய தையல். அதையே கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, புடிக்கலீங்களா?” என்றேன்.

என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். “என் பீடி நெருப்புப் பட்டு ஓட்டையானதுங்க. எஞ்சம்சாரமே தெச்சா. போன வருசம் அவளைப் பொதைக்கறப்ப இந்தச் சேலையத்தான் போர்த்தி உட்டோமுங்க.”

நான் கிரீடத்தை வாங்கக் கை நீட்டினேன். “குடுங்க, வேற செஞ்சு தாரேன்.”

“வேண்டாம் அம்மிணி. யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

உள்ளே போய் மகள் தலையில் அவரே வைத்தார்.

“நல்லாருக்காப்பா?” என்றாள் அவள்.

“உங்கம்மாளாட்டமே இருக்குது கண்ணு.”

மண்ணுக்குள் போன சேலை சந்தைக்கு எப்படி வந்தது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. இன்றைக்கும் பழஞ்சேலையில் கத்தரி வைக்கும்போதெல்லாம், அந்தக் கேள்வி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.