பூஜையில் வைத்த பியானோ

எங்கள் வீட்டுப் பியானோவைப் பூஜையில் வைக்கச் சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நவராத்திரியில் அஷ்டமி மாலை புத்தகங்களையும் வாத்தியங்களையும் சரஸ்வதி முன் வைத்துவிட்டால், விஜயதசமி காலை எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்துக் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல சட்டம் கிடையாது. அம்மாவின் சுருதிப்பெட்டிக்கு உள்ள மரியாதை என் பியானோவுக்கு ஏன் இல்லை என்று கண்ணீர் மல்க வாதாடினேன். அம்மா பக்தி என்று நினைத்தாள். பியானோ பூஜை அறைக்குள் நுழையாததால் சரஸ்வதி படமே கூடத்துக்கு வந்து பியானோ மேல் உட்கார்ந்தது. அன்று முதல் வருஷா வருஷம் அதே ஏற்பாடு.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதற்குப் பலன் கிடைத்தது.

அதற்குள் நான் கச்சேரிப் பியானோக்காரி ஆகியிருந்தேன். என் விசிட்டிங் கார்டு அப்படித்தான் சொன்னது. வெளிநாட்டில் படித்தேன். போட்டிகளில் மூன்றாம் பரிசுக்கு மேல் தாண்டியதில்லை. 'அவசரம்' என்று நடுவர்கள் எழுதுவார்கள். எங்கே என்று எழுத மாட்டார்கள். பிறகு பெங்களூரில் ஓட்டல் லாபியில் காபி குடிப்பவர்களுக்கு வாசித்தேன், பணக்காரக் குழந்தைகளுக்கு டியூஷன் எடுத்தேன். பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேறும் வாய்ப்பு மட்டும் வரவே இல்லை.

லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, ஓர் அஷ்டமி மாலை, கற்பூரம் காட்டி முடித்த கையோடு போன் வந்தது. மும்பையில் ஓர் ஆர்கெஸ்ட்ராவுடன் வாசிக்க வேண்டியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். ஐந்து நாளில் கச்சேரி, வர முடியுமா? முன்பின் தெரியாத ஒருவரின் எலும்பு முறிந்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பியானோ மூடி மேல் சந்தனம், குங்குமம், அப்பாவின் ராமாயணம், சுண்டல். அந்த வருஷம் திதி நீண்டு, விஜயதசமிக்கு நடுவில் இரண்டு முழு நாள்.

"நீதானேடி ஆரம்பிச்சே?" என்றாள் அம்மா. "சரஸ்வதியை எழுந்திருன்னு சொல்ல எனக்கு வாயில்லை. வேணும்னா நீயே சொல்லிக்கோ."

நாற்பத்தொரு வயதுக்காரி அம்மாவுக்குப் பயப்படலாமா என்று கேட்பவர்கள் என் அம்மாவைப் பார்த்ததில்லை. ஊரில் வேறு பியானோ தேடினேன். இசைப் பள்ளியைப் பூஜைக்குப் பூட்டியிருந்தார்கள். தெரிந்த டீச்சர் வீட்டுப் பியானோவை ரிப்பேருக்குப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "சாரமில்லை, போகட்டும், மனசுக்குள்ள வாசி" என்று அப்பா ஆறுதல் சொன்னார்.

மனசு போதாது, விரல் வேண்டுமே. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை வாசித்தேன். டபராவும் தம்ளரும் துள்ளின. ஆறுதல் சொன்ன அப்பாவே தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். "ஆத்துல மரவேலை நடக்கறதா மாமி?" என்று அடுத்த வீட்டிலிருந்து விசாரித்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம், எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "அந்த நடு இடத்துல ஓடறே" என்றாள்.

"எந்த இடம்?"

"இடது கை தனியாத் தட்டி அப்பறம் ரெண்டும் சேரறதே, அங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னாடியே வந்து நிக்கறே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அம்மா, இது ஆதி தாளம் இல்லை."

"பின்னே என்னவோ இருக்கட்டும். ஓடறது ஓடறதுதான்."

அவள் தப்பு என்று நிரூபிப்பதற்காகவே போனில் டிக் டிக் என்று அளவு சொல்லும் செயலியைப் போட்டுத் தட்டிப் பார்த்தேன். ஓடினேன். மறுபடி தட்டினேன். மறுபடியும் ஓடினேன். இரண்டு தேசத்தில் மூன்று வாத்தியார்கள் கண்டுபிடிக்காததை அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு, "தாளம் போடு" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் போட்டாள். அன்று பொரியல் ஆகவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு, "இப்பச் சரி. மதி, போதும், கை வீங்கிடும்" என்று எழுந்துபோனாள்.

விஜயதசமி காலை பூஜை எடுத்ததும் பியானோவைத் திறந்தேன். ஈரக்காற்றில் இரண்டு கட்டை ஒட்டிக்கொண்டது, ஆனால் அந்த இடம் நின்றது. மறுநாள் மும்பையில் ஒத்திகையிலும் நின்றது, அதற்கடுத்த நாள் கச்சேரியிலும் நின்றது. கைதட்டலுக்கு எழுந்தபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் என் காதருகே குனிந்து, அடுத்த முறை யாரும் விழாமலே கூப்பிடுகிறோம் என்றார்.

ஓட்டலுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மனசை அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டேன். "இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை? முன்னாடியே சொல்லியிருந்தா என் வாழ்க்கையே வேற மாதிரி இருந்திருக்குமே!"

"அந்தப் பியானோப் பெட்டி போடற சத்தத்துல நீ வாசிக்கறது எனக்குக் கேட்டதே இல்லையேடி" என்றாள் அம்மா. "இந்த ரெண்டு நாள்தான் கேட்டேன். நன்னா வாசிக்கறே."

ஒன்பது வயதிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. போனை வைக்காமலே அழுதேன். ஜலதோஷமா, மிளகு ரசம் சொல்லி வாங்கிக் குடி என்றாள்.