மூச்சுக்கு ஒரு சொல்

மங்கலம்பேட்டையில் பஸ் ஏறி விருத்தாசலத்தில் இறங்கும்வரை மஹிராவுக்கு ஒரே வேலைதான்: எதிரே இருப்பவர்கள் மூச்சு விடுவதைப் பார்ப்பது. சட்டைப் பொத்தான் ஏறி இறங்கும், முந்தானை ஏறி இறங்கும். தூங்குகிறவருக்கு வயிறு மூச்சு விடும். கோர்ட்டுக்குப் போகிறவருக்குத் தோள்பட்டை மூச்சு விடும். "அப்பிடி மொறச்சிப் பாக்காதடி, எவகிட்டயாவது அடி வாங்கப்போற" என்று அவள் அம்மா பதுருன்னிசா எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கேட்டால்தானே.

எம்.எஸ்சி. மெடிக்கல் இமேஜிங் இரண்டாம் வருஷம். தெருவில் அதற்கு 'ஸ்கேன் எடுக்கிற படிப்பு' என்று பெயர். பயிற்சிக்காக விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறாள். ஆளுக்குள்ளே இருப்பதைப் பார்க்கிற இந்தக் கிறுக்கு அவளுக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. அத்தா அமீனுதீன் குவைத்துக்குப் போக மெடிக்கல் எடுப்பார்; நெஞ்சுப் படம் சுத்தமாக வந்தால்தான் விசா. ஒரு தடவை அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒங்களுக்குள்ள ஏன்த்தா இவ்ளோ இருட்டு?" என்று கேட்டாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் அதற்குப் பதிலைத் தெரிந்துகொண்டு, அன்றைக்கே குவைத்துக்குப் போன் போட்டாள். "அத்தா, அது இருட்டு இல்ல. காத்து." "நல்லவேளை" என்றார் அவர் மறுமுனையில்.

அன்று வெள்ளிக்கிழமை. செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் பூசுகிற சொர்ணாம்பாளை அவர் கணவர் பக்கிரி கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்திருந்தார். மாசக்கணக்கில் இருமல். எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிந்ததால் டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதியிருந்தார். மூத்த டெக்னீஷியன் பிரபா சொர்ணாம்பாளைப் படுக்க வைத்துவிட்டு, மஹிரா நின்ற கண்ணாடி அறைக்கு வந்து பொத்தானை அழுத்தினாள். எப்போதோ யாரோ பதிவு செய்த குரல் மிஷினுக்குள்ளிருந்து பேசியது.

"மூச்சை உள்ளே இழுக்கவும். மூச்சை நிறுத்தவும்."

சொர்ணாம்பாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிரபா அவசரமாக எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

"யார்டி அவ, எம் மூச்ச நிறுத்தச் சொல்றவ? வெள்ளிக்கெழமையும் அதுவுமா!"

"அது மிஷினும்மா" என்றபடி பிரபா உள்ளே ஓடினாள். மஹிராவும் பின்னாலேயே போனாள். "சரி, நிறுத்த வேணாம். மூச்சப் புடிச்சிக்குங்க."

"மூச்சு புடிச்சிக்கிச்சின்னா நீயா வந்து சுளுக்கு எடுப்ப?"

"அப்ப மூச்சு வுடாம இருங்க."

"வுடாம இருந்தா அதுக்குப் பேரு என்னா? எங்க வூட்டுக்காரரு வாசல்லயே குந்தியிருக்காரு, இந்தப் பேச்சு அவரு காதுல வுழுந்தா என்னாத்துக்கு ஆவும்?"

'அடக்குங்க' என்ற சொல் மஹிராவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அவர்கள் தெருவில் அடக்கம் என்றால் கபர்ஸ்தானில் குழிக்குள் முடிகிற காரியம்.

"ஒத்துழைக்கலன்னு எழுதிடலாம், கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவட்டும்" என்று பிரபா காதோடு சொன்னாள். கடலூருக்கு எங்கே போகப்போகிறார்? நேராக எஸ்டேட்டுக்குத்தான் போவார். அந்த நிழல் என்னவென்று யாருக்கும் தெரியாமல் அவருக்குள்ளேயே இருந்துவிடும். சொர்ணாம்பாள் அதற்குள் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார்.

மஹிரா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொர்ணாம்பாளின் ஆள்காட்டி விரல் நகத்தோரம் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா, மையா?"

"பெயிண்டு. பொம்மைக்குக் கண்ணு எழுதுறேன்ல."

"எப்பிடி எழுதுவீங்க?"

"என்னா பாப்பா, பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் கேக்குற!" சொல்லிவிட்டாரே தவிர, கை தானாக எழும்பியது. காற்றில் ஒரு சின்ன வளைவு, அதற்குக் கீழே இன்னொன்று, நடுவில் புள்ளி. மஹிராவின் பார்வை பஸ் பழக்கத்தில் முந்தானைக்குப் போனது. முந்தானை அசையவில்லை. இத்தனை நேரம் விடாமல் வந்த இருமல்கூட அந்தப் புள்ளி முடியட்டும் என்று காத்திருந்தது. கை இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

மஹிரா சிரித்தாள். "படுங்கம்மா. இந்தத் தடவ அவ பேச மாட்டா, நான்தான் பேசுவேன்."

வெளியே வந்து மிஷின் குரலை அணைத்துவிட்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா மூச்ச இழுங்கம்மா... ம். இப்ப கண்ணு எழுதுங்க."

படுக்கை வளையத்துக்குள் நகர்ந்தது. கண்ணாடி வழியே பார்த்தால், தலைக்கு மேல் நீட்டியிருந்த கையில் ஒரு விரல் மட்டும் மெல்ல வளைந்துகொண்டிருந்தது. நெஞ்சு கல்லாகக் கிடந்தது. திரையில் படங்கள் வரிசையாக விழுந்தன, ஒன்றுகூடக் கலங்கவில்லை. நிழல் என்னவென்று இனி டாக்டர் சொல்லிவிடுவார்.

"மூச்சு வுடுங்கம்மா!"

"ஏய், இத எங்கடி படிச்ச?" என்றாள் பிரபா.

"பஸ்ஸுலக்கா."

உள்ளேயிருந்து சொர்ணாம்பாளின் குரல் வந்தது. "முடிஞ்சிதா பாப்பா? ரெண்டாவது கண்ணு லேசா கோணிப்போச்சு. அழிச்சிட்டு எழுதணுமா?"

மஹிரா மைக்கில் குனிந்தாள்.

"வேணாம்மா. ரெண்டும் நேராத்தான் பாக்குது."