இரண்டு அப்பாக்களும் ஓர் ஓட்டுநர் உரிமமும்

ஜிபாருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது அரசாங்கத்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கோடையில் கூடாரத்தையும் ஆடுகளையும் மேய்ச்சல் மலைக்கு ஏற்றிப்போகும் லாரியைப் பள்ளிக்கூட வயதிலிருந்தே அவள்தான் ஓட்டினாள். உரிமம் எங்கே என்று எந்த ஆடும் கேட்டதில்லை.

இப்போது கேட்டார்கள். ஊர் சுகாதார நிலையத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஓட்டுநர் வேலைக்கு மனுப் போட்டவர்களில் குடிக்காத ஆள் ஜிபார் மட்டும்தான். மாதக் கடைசிக்குள் உரிமத்தோடு வந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் என் மைத்துனனுக்கு என்று தலைமை மருத்துவர் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார். மைத்துனன், போன வருடம் டிராக்டரை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டியவன்.

தேர்வெல்லாம் தேறிவிட்டாள். நரின் நகரத்து உரிம அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்த தாலாய்பெக்தான் உதட்டைப் பிதுக்கினான். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஓமுர். அடையாள அட்டையில் சாகின்.

"உங்களுக்கு ரெண்டு அப்பா காட்டுதுக்கா."

"ஆமா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க."

இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, பிள்ளையில்லாத அண்ணன் சாகினிடம் ஓமுர் குழந்தையைத் தொட்டிலோடு கொடுத்துவிட்டார். கொடுத்த பிள்ளையைக் கொடுத்ததாகப் பேசக்கூடாது, அதுதான் மரியாதை. அந்த மரியாதை முற்றிப்போய், காகிதத்தை மாற்ற வேண்டும் என்றுகூட ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அட்டை வாங்கப் போனபோது கிராம எழுத்தர் பக்கத்தில் நின்ற சாகினைப் பார்த்தார், சாகின் மகள் என்று எழுதிக்கொண்டார். சான்றிதழை விரித்துப் பார்ப்பது அவருக்கு மரியாதைக்குறைவாகப் பட்டிருக்கும்.

தன் அக்காவும் இப்படிப் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள்தான் என்றான் தாலாய்பெக். ஆனால் கணினிக்குப் பெரியப்பா கிடையாதே. இவள் எனக்குப் பிறக்கவில்லை என்று வளர்த்தவரும், எனக்குத்தான் பிறந்தாள் என்று பெற்றவரும் நேரில் வந்து சொன்னால் ஒரே வாரத்தில் அட்டை மாறும். இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போய், தத்தெடுத்ததை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குள் ஒரு குதிரை சினைப்பட்டுக் குட்டியே போட்டுவிடும்.

வெறும் காகிதத்துக்குத்தானே என்று ஜிபார் வீட்டில் சொன்னாள். அதற்கென்ன, சொல்லிவிட்டால் போகிறது என்றார் சாகின். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

மறுநாள் கிழவர்கள் இருவரும் கல்யாணத்துக்குப் போவதுபோலச் சவரம் செய்து, வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜிபார் உங்கள் மகளா என்று தாலாய்பெக் சாகினைக் கேட்டான். சாகின் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், தொண்டையைச் செருமினார். "வந்து... அவ எனக்கு..." என்பதற்கு மேல் வரவில்லை.

ஓமுர் முந்திக்கொண்டார். "அவரை ஏன்ப்பா இம்சை பண்றே? எனக்குப் பொண்ணு ரெண்டே ரெண்டுதான். இது எங்க அண்ணன் பொண்ணு."

"பெரியவரே, நீங்க ஆமான்னு சொல்லணும். அவர்தான் இல்லைன்னு சொல்லணும்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குற ஆளு நான் இல்ல. அப்படி எழுதிக்க."

வேலை கைநழுவுகிறது என்று ஜிபாருக்குத் தெரிந்தது. சித்தப்பா ஓமுரைத் தனியே அழைத்துப்போய் அழுதால் மனம் இளகிவிடுவார். அதுவும் அவளுக்குத் தெரியும். சாகினைப் பார்த்தாள். தம்பியின் முழங்கையைப் பிடித்தபடி, பிழைத்தேன் என்பதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டு மனு எங்க தம்பி கிடைக்கும்?" என்றாள்.

மாதக் கடைசியில் ஆம்புலன்ஸ் மைத்துனனுக்குப் போனது. ஊரில் எல்லோரும் ஆரோக்கியத்தில் திடீர் அக்கறை காட்டத் தொடங்கினார்கள்.

சாட்சி சொல்லப் போன அன்று அலுவலகத்திலிருந்து இருவரையும் பழைய காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தது ஜிபார்தான். மூவரில் முறையான உரிமம் வைத்திருந்தவர் ஓமுர். என்றோ ஓர் ஆட்டைக் கொடுத்து வாங்கியது. அவருக்கு ஓட்டத் தெரியாது.