பிளீச்சிங் பவுடரில் பிழிந்த எலுமிச்சம்பழம்

என் கணவர் ஆட்டு வியாபாரி. அய்யலூர் சந்தைக்குப் போய்வந்து குளித்தால் பாத்ரூமெல்லாம் ஆட்டு வாடை.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தேய்ங்க மதினி, அம்புட்டு வாசமா இருக்கும்" என்றாள் நாத்தனார். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் தூவியிருந்த தரையிலேயே பிழிந்துவிட்டேன். குப்பென்று நெடி கிளம்பி, கண் எரிந்து, மூச்சு முட்டியது. தட்டுத்தடுமாறி வெளியே வந்து விழுந்தேன்.

"ரெண்டும் சேர்ந்தா விஷவாயும்மா, தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். என் கணவரோ, "செத்த நேரம் ஜன்னலத் திறந்து வச்சுருக்கலாம்ல?" என்கிறார். வந்ததே எனக்குக் கோபம்!

இப்போது வீட்டில் பவுடரே கிடையாது. எலுமிச்சைத் தோலும் கல்லுப்பும்தான் போட்டுத் தேய்க்கிறேன். ஜன்னலும் திறந்தே இருக்கிறது. ஆனால், சந்தையிலிருந்து வருகிறவர் கொல்லைக் குழாயடியில் குளித்து, வேட்டி சட்டையைத் தானே அலசிப் போட்டபிறகுதான் உள்ளே வர வேண்டும். இவர் கொண்டுவரும் வாடைக்கு நான் ஏன் மூச்சடைத்துச் சாக வேண்டும்?