மலையை மறைக்காத காற்றாடி

செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். ஜன்னலைத் திறந்தால் சாமியாகவே கும்பிடும் மலை தெரிய வேண்டும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கீழ்வீட்டில் நானும் கணவரும். அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் மெஷின் நின்றால் கொஞ்ச நேரம்கூடத் தாங்கமாட்டார். கரண்ட் போனால் மெஷின் இன்வெர்ட்டரில் ஓடும்.

மாடியைக் கவனிப்பவர் கணவரின் அண்ணன். தங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் காற்றிலேயே கரண்ட் எடுக்கலாம் என்று ஏதோ பேசினாராம். உடனே அண்ணன் இன்வெர்ட்டர் பாட்டரியை ஏற்ற ஒரு சின்னக் காற்றாலையை வாங்கிவந்து மொட்டை மாடியில் நட்டுவிட்டார். எங்கே நட்டார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மலையைப் பார்த்த பக்கம்தான் திறந்த வெளி. மறுபக்கம் முழுக்கப் பக்கத்து லாட்ஜின் உயரமான சுவர். அந்தச் சுவரோரமாக நட்டார்.

"மாமா, இங்க சேலை காயப்போட்டாலே அசையாது. காத்தாடி எப்படிச் சுத்தும்?" என்றேன்.

"மலைக்கு முன்னாடி இரும்புக் கம்பத்த நிறுத்தச் சொல்றியாம்மா? ரூமுக்கு வர்றவங்க இன்னா நினைப்பாங்க?"

பக்தியையும் வாடகையையும் ஒன்றாகச் சேர்த்து என் வாயை அடைத்தார்.

ஆடியில் காற்று வந்தது. சுவரில் மோதிச் சுழன்று வந்து கம்பத்தைப் பிடித்து உலுக்கியது. அந்த அதிர்வு வீட்டுச் சுவர் முழுக்க இறங்கியது. தியானம் செய்ய வந்த பெண் ஒருத்தி இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். பாட்டரி ஏறுகிறது என்று அண்ணனுக்கு ஒரே குஷி.

சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது, மெஷினும் நின்றது. கணவரின் உதடு நீலமாவதைப் பார்த்தபடி விசிறினேன், கத்தினேன், கடைசியில் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பின்னாலேயே வந்த அண்ணன் வாயால்தான் விஷயம் அங்கே தெரிந்தது. எல்லாம் காற்றிலேயே ஏறட்டும் என்று, பாட்டரிக்கு வீட்டுக் கரண்டிலிருந்து போன ஒயரை அண்ணன் கழற்றிவிட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெற்கே வரிசையாக நிற்கும் ராட்சதக் காற்றாலைகளும் காற்று இல்லாவிட்டால் சும்மாதான் நிற்கும். அப்போது ஊருக்குக் கொடுக்க வேறு கரண்ட் தயாராக இருக்கும். இந்த மனுஷன் அந்த வேறு வழியைத்தான் முதலில் அடைத்தார். காற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வார்டிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"காத்து இல்லாததுக்கு நான் இன்னாம்மா பண்றது? ஆடி வரட்டும், ஜாஸ்தியா வரும்" என்றார்.

"ஆடி வர்ற வரைக்கும் உங்க தம்பி மூச்சு விடாம இருப்பாரா மாமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் கேட்கிறாரோ என்று குனிந்தேன். அவர் மாஸ்க்கை விலக்கினார்.

"அண்ணன... திட்டாத. நல்லதுக்குத்தான்... செஞ்சாரு."

மேலே பேச முடியாமல் இருமல் பிடித்துக்கொண்டது. நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கைத் திரும்ப மாட்டினாள். மத்தியானத்திலிருந்து நான் ஓடி ஓடிக் காப்பாற்றிக் கொண்டுவந்த மூச்சை, அண்ணனுக்கு வக்காலத்து வாங்கத்தான் அவர் முதலில் செலவழித்தார்.