அம்புட்டு நல்லாப் பறக்க வேண்டாம்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் செலினாவுக்கு, ஹெலிகாப்டரின் முன்னேற்றத்தைத் தடுக்கப் பார்த்த ஒரே பெண்மணி என்ற பெருமை உண்டு. செட்டியார்பட்டியில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்து, பெனினைக் கட்டிக்கொள்ளும் வரை அவளுக்கும் வானத்துக்கும் எந்தப் பகையும் இருந்ததில்லை.

பெனின் பிரான்ஸில் ஒரு கம்பெனியில், சோதனை ஹெலிகாப்டருக்கு சென்சார் வயர் இழுக்கிறவன். ஊரில் பார்க்கிற மாதிரி ஹெலிகாப்டர் இல்லை. மேலே சுற்றும் விசிறி தூக்கும். இரண்டு பக்கமும் சின்ன இறக்கை வைத்து, அதில் பக்கத்துக்கொரு விசிறி, அது தள்ளும். வேகத்தில் மற்ற ஹெலிகாப்டரெல்லாம் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். "சோதனை முடிஞ்சதும் வாரேன்" என்று போனவன் இன்னும் வரவில்லை. அவளோ இரண்டு பேருக்கே உலை வைத்து, மறுநாள் காலையில் பழைய சோறாக அவன் பங்கையும் தின்றுவந்தாள்.

அவன் போன புதிதில் செலினாதான் கோயிலில் ஜெபக் குறிப்பு கொடுத்தாள். போதகர் வேதமணி ஐயா ஞாயிறுதோறும் மழைக்கும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் அப்புறம் ஹெலிகாப்டருக்காக மன்றாடினார். சபையில் விசிறி சமாசாரம் தெரியாத ஆளே இல்லை என்றாகிவிட்டது. அடுத்த வீட்டுக் கிருபாபாய் அதற்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள். "வேகம் கூடுனா மேல் விசிறியச் செத்த மெதுவாச் சுத்த விடணும்ட்டி" என்று குழாயடியில் விளக்கம் வேறு.

ஒருநாள் போனில் பெனின் சாவகாசமாகச் சொன்னான்: "நல்லாப் பறந்துட்டா அடுத்த மாடலுக்கு நாலஞ்சு வருஷம் இழுத்துருவான். பறக்கலன்னா கடையக் கட்டி எங்கள ஊருக்கு அனுப்பிருவான்."

மறுநாளே செலினா போதகர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, அந்த ஹெலிகாப்டர் ஜெபத்தக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டலாமா?"

"ஏம்மா, விழுந்திருச்சா?"

"இல்லைய்யா. நல்லாத்தான் பறக்குதாம்."

"பொறவு என்ன?"

"அம்புட்டு நல்லாப் பறக்க வேண்டாம்."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உள்ள பைலட் இருக்காரும்மா."

"அவிய பத்திரமா எறங்கட்டும். எறங்குன பொறவு மேலதிகாரிக்குப் பிடிக்காமப் போகட்டும்."

அவர் ஊழியத்தில் இப்படி அளவெடுத்துத் தைத்த விண்ணப்பம் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை, "ஹெலிகாப்டர் காரியத்தில் உமது சித்தம் ஆகட்டும்" என்று நைசாக நழுவினார். ஜெபம் சப்பென்று போனதைப் பொறுக்காத கிருபாபாய், "வேகத்தைக் கட்டளையிடும் ஆண்டவரே" என்று உரக்கச் சேர்த்துவிட்டாள். சபை முழுக்க ஆமென். செலினா முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கிருபாபாயின் குரல்தான் மேலே கேட்டிருக்கும் போல. அந்த வாரமே, வேலை முடிந்து கம்பெனி வாசலில் நின்றபோது வீடியோ கால் வந்தது. பெனினுக்குப் பின்னால் அந்த இயந்திரம், கழுவி நிறுத்திய கல்யாணக் கார் மாதிரி. போட்டோக்காரர் கெஞ்சியும் கல்யாணத்தன்று சிரிக்காதவன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"நெனச்சத விட வேகமாப் போச்சுட்டி. அடுத்த மாடல்லயும் எம் பேரு இருக்கு. சந்தோஷமா?"

பஞ்சுத் தூசி ஒட்டிய கட்டைவிரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். விரல் பட்டதும் அவன் படம் திரையின் மூலைக்குப் போய்ச் சிறுத்துவிட, அவள் முகமே பெரிதாக வந்து நின்றது.

"சந்தோஷந்தான்" என்றாள் அந்த முகத்தைப் பார்த்து. "அங்கருந்து நம்ம ஊருக்கு வர அதுக்கு எம்புட்டு நேரமாகும்?"

பெனின் திரும்பி இயந்திரத்தைப் பார்த்து, நிஜமாகவே யோசித்தான்.

"அம்புட்டு தூரம் வராதுட்டி. எண்ணெ பத்தாது."